குடிக்கக் குடிக்கச் சுரக்கும்

பிரசவமான இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வார்டில் யாராவது ஒருவர் "பால் பத்தலை போல" என்று சொல்லிவிடுகிறார்கள். மாமியாராக இருக்கலாம், பார்க்க வந்த உறவினராக இருக்கலாம். குழந்தை விடாமல் அழுகிறது. தாயின் மார்பு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. பிழிந்து பார்த்தால் மஞ்சளாக நாலு சொட்டு வருகிறது. அரை மணி நேரத்தில் மருந்துக் கடையிலிருந்து பால் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. அன்று இரவு குழந்தை புட்டிப்பாலைக் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குகிறது. எல்லோருக்கும் நிம்மதி. அந்த நான்கு மணி நேரமும் குழந்தை தாயின் மார்பைச் சப்பவே இல்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. மறுநாள் பால் இன்னும் குறைவாகச் சுரக்கிறது, டப்பாவிலிருந்து இன்னும் ஒரு கரண்டி போகிறது. பத்தாம் நாள், "எனக்குப் பாலே இல்லை" என்று அந்தத் தாயே நம்பத் தொடங்குகிறார்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 89 மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 63.7 விழுக்காடு. டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருக்கும்போதே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்த முதல் மணி நேரத்தை இழக்கிறார்கள். தாய்மார்களின் உடலைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. உடல் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே குறை. அதைச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

மார்புக்குள் என்ன நடக்கிறது?

கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பகம் பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்தத் தடை விலகுகிறது. புரொஜெஸ்டிரோன் அளவு இறங்க இறங்க, இரண்டாம் மூன்றாம் நாளில் பால் பெருகி வருகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும், பிரசவம் நீண்டு களைத்துப் போனவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது ஒருநாள் தள்ளிப்போகலாம்.

அதன்பிறகு இரண்டு ஹார்மோன்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. குழந்தை காம்பைச் சப்பும்போது அந்தத் தொடுஉணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரொலாக்டினையும் ஆக்ஸிடோசினையும் ரத்தத்தில் கலக்கிறது. புரொலாக்டின் பாலை உருவாக்கச் சொல்கிறது. ஆக்ஸிடோசின் பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசை இழைகளைச் சுருக்கி, உருவான பாலைக் குழாய்களுக்குள் தள்ளிவிடுகிறது. புரொலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கும். இரவுப் பாலூட்டலை விட்டுவிட்டால் பகல் பாலும் குறைவது இதனால்தான். ஆக்ஸிடோசினோ மனநிலையைப் பொறுத்தது. வலி, பயம், கூட்டம், வசவு எல்லாம் அதைத் தாமதப்படுத்தும். பால் உள்ளே இருந்தும் இறங்காமல் நிற்கும்.

மூன்றாவதாக ஒரு கட்டுப்பாடு மார்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. பால் வெளியேறாமல் தேங்கினால், 'போதும், நிறுத்து' என்ற செய்தி சுரக்கும் செல்களுக்குப் போகிறது. தேங்கிய பாலிலுள்ள ஒரு புரதமும், நிரம்பிய நுண்ணறைகளின் அழுத்தமும் இந்தச் செய்தியைக் கொண்டுசெல்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு மார்பும் தனித்தனியே இப்படி இயங்குவதால், குழந்தை அதிகம் குடிக்கும் பக்கம் அதிகம் சுரக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வார்கள். பால் சுரப்புக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

'சேரட்டும்' என்று பாலூட்டாமல் காத்திருப்பது இந்த விதிக்கு நேர்எதிரான செயல். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 1 முதல் 6 மாதம் வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் குடித்த பாலை அளந்தார்கள். சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தை குடித்தது 478 கிராம், இன்னொன்று குடித்தது 1,356 கிராம். எல்லாக் குழந்தைகளும் ஆரோக்கியமானவை. ஒவ்வொரு முறையும் மார்பில் இருந்த பாலில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கைத்தான் குழந்தை குடித்தது. ஆகவே ஒரே அளவு, ஒரே இடைவெளி என்று எல்லாக் குழந்தைகளுக்கும் அட்டவணை போடுவதில் பொருளில்லை. பிறந்த புதிதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

முதல் மூன்று நாட்கள்

முதலில் வரும் சீம்பால் அளவில் கொஞ்சம்தான். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் கிடைக்கும். பிறந்த குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். கிருமிகளைக் குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருட்கள் அதில் செறிந்திருக்கின்றன. அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதும், அதற்கு முன்பு சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதும் குழந்தைக்கு இரட்டை நஷ்டம். தேனில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது வரை தேனே கூடாது. சடங்கு முக்கியம் என்று பெரியவர்கள் நினைத்தால், அவர்கள் கையாலேயே ஒரு சொட்டுச் சீம்பாலைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பிறந்ததும் குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின்மீது கவிழ்த்துப் படுக்கவைத்தால் போதும். வாசனையை வைத்தே குழந்தை மெல்ல நகர்ந்து மார்பைத் தேடும். சிசேரியன் ஆனவர்கள், தையல்மேல் பாரம் படாமல் குழந்தையைப் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே இடுக்கியபடி கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டும் கொடுக்கலாம். உடன் இருக்கும் ஒருவர் குழந்தையை எடுத்துப் பொருத்தித் தர வேண்டும்.

முதல் சில நாட்களில் குழந்தையின் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைந்தால் கவலை வேண்டாம். 10 விழுக்காட்டை நெருங்கினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்பு மெத்தென்று இருப்பதும், குழந்தை அடிக்கடி கேட்பதும், பம்ப்பில் கொஞ்சம்தான் வருவதும் பால் குறைவுக்கு அடையாளங்கள் அல்ல. சில வாரங்களில் சுரப்பு தேவைக்கேற்ப ஒழுங்குபடும்போது எல்லாத் தாய்மார்களுக்கும் மார்பு மெத்தென்று ஆகிவிடும். நன்றாகக் குடிக்கும் குழந்தையின் வாய் எடுக்கும் அளவுக்குப் பல சமயம் பம்ப்பால் எடுக்க முடியாது.

நம்ப வேண்டிய சாட்சிகள் மூன்று. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். முதலில் தாராகக் கறுத்துப் போகும் மலம், ஐந்தாம் நாளுக்குள் கடுகு மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். பிறகு முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் வரை எடை ஏற வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பால் போதுமானது. ஒரே தராசில், வாரம் ஒருமுறை நிறுத்தால் போதும். தினமும் நிறுத்தால் கவலைதான் மிஞ்சும்.

மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை சில குழந்தைகள் மார்பை விடவே விடாது. விட்டால் அழும், வைத்தால் குடிக்கும். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாம் வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும் இது இரண்டு மூன்று நாள் தீவிரமாகும். வளரும் குழந்தை தாயின் உடலுக்கு 'இன்னும் கூட்டு' என்று சொல்லும் முறை இது. இந்த நாட்களில் புட்டி நுழைந்தால் அந்தச் செய்தி மார்பைச் சேராது. இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் சுரப்பு கூடிவிடும். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால், கத்திரி வெயிலிலும் 6 மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. கிரைப் வாட்டரும் வசம்பும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிற, எழுப்பினாலும் குடிக்காத, மஞ்சள் காமாலை கூடிக்கொண்டே போகிற, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சமாகப் போகிற குழந்தையை 'சாது' என்று நினைத்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

காம்பு வலித்தால்

முதல் சில நாட்களில் குழந்தை வாய் வைத்ததும் கொஞ்சம் சுரீரென்று இருக்கலாம். அது அரை நிமிடத்துக்குள் அடங்கிவிட வேண்டும். குடித்து முடிக்கும்வரை வலித்தாலும், காம்பு வெடித்தாலும், குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்று பொருள். பால் குடிப்பதற்குக் காம்பு குழந்தையின் வாய்க்குள் ஆழமாக, மேலண்ணத்தின் மென்பகுதிக்கு அருகே போயிருக்க வேண்டும். அப்போதுதான் அது ஈறுகளுக்கு நடுவே நசுங்காது.

இதைச் சரிசெய்யும் முறையை நிதானமாகப் பாருங்கள். முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தடவுங்கள். குழந்தை கொட்டாவி விடுவதுபோல வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்த அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் நீட்டிக் குனியாதீர்கள். முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும். பிறகு பாருங்கள்: கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா? காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிகிறதா? கன்னம் குழியாமல் உப்பியிருக்கிறதா? மடக் மடக் என்று விழுங்கும் ஓசை கேட்கிறதா? இல்லையென்றால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு, பிடி தளர்ந்ததும் எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். குடித்து முடித்ததும் காம்பு ஒருபக்கம் சரிந்து சப்பையாக வெளியே வந்தால், பிடி இன்னும் சரியாகவில்லை. எத்தனை முறை திருத்தியும் வலித்தால், குழந்தையின் நாக்குக்கு அடியிலுள்ள சவ்வு இறுக்கமாக இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெடித்த காம்பில் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றாட விடலாம். சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம்.

காம்பு உள்வாங்கியிருந்தால் பால் கொடுக்கவே முடியாது என்பது தவறு. குழந்தை கவ்வுவது காம்பை அல்ல, மார்பை. பிரசவத்துக்குப் பிறகு காம்பை வெளியே கொண்டுவர, கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் 1993இல் ஓர் எளிய வழியை எழுதினார்கள். 10 மில்லி சிரிஞ்சின் ஊசி பொருத்தும் முனையை அறுத்துவிட்டு, அறுத்த பக்கத்தின் வழியாகப் பிஸ்டனைச் செருக வேண்டும். வழவழப்பான மறுமுனையைக் காம்பின்மீது வைத்து, வலிக்காத அளவுக்குப் பிஸ்டனை மெல்ல இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பாலூட்டும் முன்பும் இதைச் செய்யலாம். சில ரூபாய் சிரிஞ்ச்சில் முடிகிற இந்த இந்திய முறை, இன்று உலகின் பல நாடுகளில் பாலூட்டல் பயிற்சியில் கற்றுத்தரப்படுகிறது. முதல்முறை நர்ஸ் ஒருவரின் உதவியோடு செய்யுங்கள்.

பால் கட்டிக்கொண்டால்

மூன்றாம் நாள் வாக்கில் மார்பு கல்லாக இறுகி, பளபளத்து, வலிக்கும். பாலோடு ரத்த ஓட்டமும் நீரும் சேர்ந்து வீங்குவதால் வருவது இது. இறுகிய மார்பைக் குழந்தையால் கவ்வ முடியாது. காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். வீக்கம் பின்வாங்கி அந்த இடம் இளகும், குழந்தை பிடித்துக்கொள்ளும். இரண்டு பாலூட்டலுக்கு நடுவே குளிர்ந்த துணியை வையுங்கள்.

ஒரு பக்கத்தில் சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அது மார்பக அழற்சி. சூடாக ஒத்தடம் கொடு, அழுத்திப் பிசைந்து கட்டியைக் கரை, மார்பைக் காலிசெய் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2022இல் சர்வதேசப் பாலூட்டல் மருத்துவ அமைப்பு தன் வழிகாட்டலை மாற்றிக்கொண்டது. அழுத்திப் பிசைந்தால் உள்ளிருக்கும் மெல்லிய திசுக்கள் நசுங்கி வீக்கம் கூடும். மிதமிஞ்சிப் பம்ப் செய்தால் சுரப்பு கூடி மறுபடி தேங்கும். இன்றைய அறிவுரை இதுதான்: குழந்தை கேட்கும் அளவுக்கு, வலிக்கிற பக்கத்திலும் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், டாக்டர் சொல்லும் வலி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், ஓய்வெடுங்கள். ஒரு நாளில் அடங்காவிட்டால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளத் தக்கவை பல இருக்கின்றன. மருந்து எழுதும் டாக்டரிடம் பால் கொடுப்பதைச் சொல்லுங்கள்.

பால் கட்டினால் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டது. பால் வற்ற வேண்டிய தாய்மார்களில் ஒரு பிரிவினருக்கு மல்லிகைப்பூவும், இன்னொரு பிரிவினருக்கு புரோமோகிரிப்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டிலும் புரொலாக்டின் குறைந்தது, பாலும் வற்றியது. பாட்டி வைத்தியம் வேலை செய்கிறது என்பதுதான் இங்கே எச்சரிக்கை. பால் கொடுக்க விரும்புகிறவர் வலிக்காக மல்லிகையை மார்பில் கட்டக் கூடாது.

உண்மையிலேயே குறைவாக இருந்தால்

சில தாய்மார்களுக்குப் பால் உண்மையாகவே போதாது. தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, கர்ப்பப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துணுக்கு, முன்பு நடந்த மார்பக அறுவை சிகிச்சை, பால்திசு போதிய அளவு வளராமை ஆகியவை காரணமாக இருக்கலாம். இவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. குழந்தையின் வயிறு நிறைவதுதான் முதல் விதி. மேல்பால் தேவை என்று டாக்டர் சொன்னால் கொடுங்கள், கூடவே மார்பிலும் விடுங்கள். புட்டிக்குப் பதில் பாலாடையில் புகட்டுங்கள். நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் இந்தச் சங்குப் பாத்திரத்தைக் கோப்பையோடும் புட்டியோடும் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. பாலாடையில்தான் பச்சிளங்குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன.

சுரப்பைக் கூட்ட நிச்சயமான வழி, பாலூட்டி முடித்த பிறகும் கையால் பீய்ச்சுவது. கறுப்பு வட்டத்தின் விளிம்பில் பெருவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து, விட வேண்டும். தோலின்மேல் விரல் வழுக்கக் கூடாது. பூண்டு, வெந்தயம், பால்சுறாப் புட்டு எல்லாம் சத்தான உணவுகள், விரும்பிச் சாப்பிடலாம். ஆனால் அவை பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது கெடுதல். தாகத்துக்குத் தண்ணீர், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக சாப்பாடு, இவைதான் தாய்க்குத் தேவை.

வேலைக்குத் திரும்பும்போது

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளித்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது, தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு இந்த விடுப்பு எட்டவே இல்லை. பாலூட்டலைப் பற்றி எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பீய்ச்சிப் பழகுங்கள். வேலை இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அவ்வளவு நேரம் வைக்க வேண்டாம், ஐஸ் வைத்த பையில் போடுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். கொடுக்கும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், அடுப்பில் கொதிக்கவைக்காதீர்கள். வீடு திரும்பியதும், இரவிலும், நேராக மார்பில் கொடுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

இந்த அத்தியாயத்தில் உள்ள எந்த முறையும் தூங்காத, சாப்பிடாத, ஓயாமல் குறை கேட்கிற ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்காது. கணவரும் மாமியாரும் அம்மாவும் பாலூட்ட முடியாது. ஆனால் குழந்தையைத் தூக்கி ஏப்பம் விடவைக்கலாம், துணி மாற்றலாம், பார்க்க வரும் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தலாம், தாய் பால் கொடுக்க உட்காரும்போது ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைக்கலாம். இரண்டு வாரம் கடந்தும் அவர் காரணமில்லாமல் அழுதால், குழந்தை மீது ஒட்டுதலே வரவில்லை என்றால், அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ சொல்லாதீர்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பால் சுரப்பது தாயின் உடலில். அவருக்கு ஓய்வும் தைரியமும் கிடைக்கச் செய்வது வீட்டிலுள்ள எல்லோருடைய பொறுப்பு.